கூமாப்பட்டிக்குப் போங்க... ஆனா திரும்பி வர்ற திட்டம் எங்கே?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் கிளினிக்கை மூடப் போகும் நேரத்தில் ஆறு பசங்க வந்தாங்க. எல்லாரும் காலேஜ் இரண்டாம் வருஷம். முதுகில் பெரிய பெரிய பேக். ஒரு தம்பிக்கு மட்டும் குதிகாலில் துண்டு சுத்தியிருந்தது, ரத்தம் நனைஞ்சு.

ஓடையில் இறங்கும்போது உடைஞ்ச பாட்டில் கிழிச்சிருக்கு. போன வாரம் யாரோ குடிச்சிட்டுப் பாறையில் அடிச்சு உடைச்ச பாட்டில்.

தையல் போட்டுக்கிட்டே கேட்டேன். "எங்கப்பா போறீங்க?"

"கூமாப்பட்டி சார். டேம் பார்த்துட்டு அப்படியே மேல ஒரு ஓடை இருக்காம். ரீல்ஸ்ல பார்த்தோம். ராத்திரி அங்கயே டெண்ட் போட்டுட்டு காலைல இறங்கிடுவோம்."

"வழி தெரியுமா?"

"மேப் இருக்கு சார்."

"அங்கே டவர் கிடைக்காதே?"

ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்துக்கிட்டாங்க.

"வீட்ல என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

கால் அடிபட்ட தம்பிதான் பதில் சொன்னான். "மதுரைல ஃப்ரெண்டு அக்கா கல்யாணம்னு சார்."

அந்த ராத்திரி அந்த ஆறு பேருக்கும் ஏதாவது ஆகியிருந்தால், ஆறு அம்மாக்களும் மதுரையில் கல்யாண மண்டபம் கல்யாண மண்டபமாகத் தேடியிருப்பார்கள்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த ஒரு பதில்தான். கொஞ்சம் நீளம். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள்.

---

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "ஊர் சுத்தாதே, வீட்டில் கிட" என்று சொல்ல வந்த ஆள் நான் இல்லை.

நான் இந்தப் பக்கத்துக்காரன். வத்திராயிருப்பு வயலும், கூமாப்பட்டி தென்னந்தோப்பும், மேற்கே சுவர் மாதிரி நிற்கிற மலையும் பார்த்து வளர்ந்தவன். செல்லே கதி என்று கிடக்கிற பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து பேக்கை மாட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்தால் ஒரு மருத்துவனாக எனக்குச் சந்தோஷம்தான். நடக்கட்டும், வேர்க்கட்டும், நல்ல காத்து வாங்கட்டும்.

என் சண்டை வேறு இரண்டு கோஷ்டியோடு.

ஒரு கோஷ்டி, "வாங்க வாங்க, சொர்க்கம் இங்கேதான் இருக்கு" என்று கூப்பிட்டுவிட்டு அத்தோடு வேலை முடிந்தது என்று போய்விடுகிறது.

இன்னொரு கோஷ்டி, "வராதே, குளிக்காதே, தடை" என்று ஒரு போர்டை நட்டுவிட்டு அத்தோடு வேலை முடிந்தது என்று போய்விடுகிறது.

வந்தவன் பத்திரமாக வீடு திரும்புவதைப் பற்றி இரண்டு பேருமே ஒரு வார்த்தை பேசுவதில்லை.

---

நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

2025 ஜூன் மாதம். கூமாப்பட்டி இளைஞர் ஒருவர் தன் ஊரின் தண்ணீரையும் பச்சையையும் காட்டி, "ஏங்க..." என்று கூப்பிட்டுப் போட்ட வீடியோ தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. விருதுநகர் மாவட்டத்தில் இப்படி ஒரு ஊர் இருப்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். சென்னை, கோவை என்று எங்கிருந்தெல்லாமோ வண்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்ல மாட்டேன். சொந்த ஊரை ரசித்தான், நாலு பேரைக் கூப்பிட்டான். அதில் என்ன தப்பு?

வந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? பிளவக்கல் அணையில் குளிக்க அனுமதி இல்லை என்றார்கள். ஆசையாக வந்த பலர் அப்படியே திரும்பினார்கள். திரும்பாதவர்கள் என்ன செய்தார்கள்? போர்டு இல்லாத இடமாகப் பார்த்துத் தண்ணீரில் இறங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் தடைபோடும் கோஷ்டிக்கு என் கேள்வி. முறையான இடத்தை மூடினால், கூட்டம் முறையில்லாத இடத்துக்குப் போகும். ஆள் நடமாட்டம் இருக்கும் கரையில் மூழ்குகிறவனை யாராவது பார்ப்பார்கள். ஆளில்லாத ஓடையில் மூழ்குகிறவனை யார் பார்ப்பார்கள்?

பிறகு அணைப் பூங்காவை மேம்படுத்த 10 கோடி ரூபாய் என்று அரசு அறிவித்தது. நல்ல விஷயம், வரவேற்கிறேன். அந்தப் பத்துக் கோடியில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

---

முதலில் தண்ணீர்.

பிளவக்கல்லில் இரண்டு அணைகள். பெரியாறு அணையின் உயரம் 47.56 அடி. கோவிலாறு அணை 42.64 அடி. பார்வைக்கு ஏரி மாதிரி அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியை நம்பித்தான் பிள்ளைகள் இறங்குகிறார்கள்.

அணைக்கட்டோ கண்மாயோ, அதன் அடித்தரை நீச்சல் குளம் மாதிரி சமமாக இருக்காது. வண்டல் படிந்த சகதி காலை இழுக்கும். மண் அள்ளின குழிகள் இருக்கும். முழங்கால் ஆழத்தில் நிற்கிறவன் அடுத்த அடியை எடுத்து வைத்தால் தலைக்கு மேல் தண்ணீர். ஓடைகளில் பாறைக்குக் கீழே கசம் இருக்கும், மேலேயிருந்து பார்த்தால் ஆழம் தெரியாது.

நீச்சல் தெரியும் என்பவர்களுக்கும் சொல்கிறேன். நீங்கள் நீந்திப் பழகியது கிணற்றில், அல்லது குளோரின் போட்ட குளத்தில். குடித்துவிட்டு இறங்கினால் அந்த நீச்சலும் உதவாது. மது முதலில் கெடுப்பது தூரத்தையும் ஆழத்தையும் கணிக்கிற புத்தியைத்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ல் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். இதில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளில், சின்ன வயசுக்காரர்கள்.

---

பல வருஷத்துக்கு முன்னால் நான் ஓர் அரசு மருத்துவமனை கேஷுவால்டியில் டியூட்டியில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஊர் பேர் வேண்டாம்.

பத்தொன்பது வயசுப் பையன். நண்பர்கள் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். தண்ணீரிலிருந்து மூன்று, நான்கு நிமிஷத்திலேயே தூக்கிவிட்டதாகச் சொன்னார்கள்.

"அப்புறம் என்னப்பா செஞ்சீங்க?"

"தலைகீழாத் தூக்கிச் சுத்தினோம் சார். வயித்தை அமுக்கித் தண்ணி எடுத்தோம். கொஞ்சம் வந்துச்சு. அப்புறம் வண்டி பிடிச்சு வந்துட்டோம்."

வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம். அதுவரை ஒருவர்கூட வாயில் வாய் வைத்து ஊதவில்லை. நெஞ்சை அழுத்தவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சினிமாவில் பார்த்ததைச் செய்தார்கள்.

அந்தப் பையனை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. வெளியே நின்ற ஐந்து நண்பர்களிடமும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. "நாங்க செஞ்சது தப்பா சார்?" என்று ஒருத்தன் கேட்டான். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

மூழ்கியவருக்கு ஆபத்து வயிற்றுத் தண்ணீரால் வருவதில்லை. மூச்சு நின்று, மூளைக்கு ஆக்ஸிஜன் போகாததால் வருகிறது. நான்கைந்து நிமிஷம் தாண்டினாலே மூளை சேதமாகத் தொடங்கும். வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாய்க்கு வந்து நுரையீரலுக்குள் போய்விடும். தலைகீழாகத் தொங்கவிடும் ஒவ்வொரு நொடியும் வீண்.

செய்ய வேண்டியது இதுதான்.

வெளியே எடுத்தவுடன் சமதரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால், மோவாயைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். நெஞ்சு மேலே எழும்ப வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து வேகமாக, ஆழமாக 30 அழுத்து. 2 ஊது. மறுபடி 30, மறுபடி 2. ஆம்புலன்ஸ் வரும்வரை, அல்லது அவர் மூச்சு விடும்வரை நிறுத்தக்கூடாது. இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும்.

பிழைத்து எழுந்து "எனக்கு ஒண்ணுமில்லை" என்று சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறும்.

---

இன்னொன்று. ஒருவன் மூழ்கும்போது அவனைக் காப்பாற்றக் குதிக்கிற நண்பனும் சேர்ந்து மூழ்குவதைச் செய்தித்தாளில் வாராவாரம் படிக்கிறோம். மூழ்குகிறவன் பயத்தில் கையில் கிடைப்பதைப் பிடித்து அமுக்குவான். அது அண்ணனா தம்பியா என்று அவனுக்குத் தெரியாது.

பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020-ல் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். நான்கு இளைஞர்கள் தண்ணீரில் தத்தளித்தார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். அதைப் பிடித்து இரண்டு பேர் கரையேறினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த மூன்று பெண்களுக்கும் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

அந்தப் பெண்கள் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனவர்கள் இல்லை. ஆனால் சரியானதைச் செய்தார்கள். குதிக்காதே. எதையாவது வீசு, எதையாவது நீட்டு. சேலை, வேட்டி, துப்பட்டா, கயிறு, மூங்கில், மூடி போட்ட காலி தண்ணீர் கேன், எதுவானாலும் சரி.

பத்தாயிரம் ரூபாய்க்கு ஷூ, ட்ரோன் கேமரா எல்லாம் வாங்கிக்கொண்டு வருகிற நீங்கள், இருநூறு ரூபாய்க்கு இருபது மீட்டர் கயிறு வாங்கி பேக்கில் வைத்திருக்கிறீர்களா?

---

அடுத்து ஓடை.

என்னிடம் சர்க்கரைக்கு மருந்து வாங்க வரும் பெரியவர் ஒருவர். ஆடு மேய்த்தவர், எழுபது வயதுக்கு மேல். அந்த மலை அவருக்கு வீட்டு முற்றம் மாதிரி. ஒருநாள் அவரிடம் கேட்டேன், "ஐயா, இத்தனை வருஷம் மலைக்குப் போறீங்களே, வெள்ளத்துல மாட்டினதே இல்லையா?"

"மேக்க கருத்துச்சுன்னா ஓடைய நம்பக்கூடாது சாமி. இங்க வெயிலடிக்கும். மேல ஊத்தியிருப்பான். தண்ணி கலங்குச்சுன்னா, சருகும் செத்தையும் மெதந்து வந்துச்சுன்னா, ஆட்டை விட்டுட்டுக்கூட மேட்டுல ஏறிரணும்."

அவர் சொன்னதை நம்ப மறுப்பவர்களுக்கு இரண்டு சம்பவம்.

2015 மே மாதம். சதுரகிரிக்கு அமாவாசை தரிசனத்துக்குப் போனவர்கள் தாணிப்பாறைப் பக்கம் ஓடையில் திடீரென்று வந்த வெள்ளத்தில் சிக்கினார்கள். பல உயிர்கள் போயின. இதே வத்திராயிருப்பு மலைதான். கூமாப்பட்டிக்குப் பக்கத்து மலை.

2024 மே 17. பழைய குற்றாலம். அருவியில் சட்டென்று வெள்ளம். பதினேழு வயசுப் பையன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மக்கள் கத்திக்கொண்டு ஓடும் அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். மலையில் மழை பெய்து, தண்ணீர் கீழே வந்து சேர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

இரண்டுமே மே மாதம். கோடை விடுமுறை, சுற்றுலா போகும் மாதம். "இது மழைக்காலமில்லையே" என்ற கணக்கு மலையில் செல்லாது.

ஓடைக்கு நடுவில் டெண்ட் போடுவது, அக்கரைக்குப் போய்ச் சமைப்பது, இருட்டும்வரை பாறையில் உட்கார்ந்திருப்பது எல்லாம் ரீல்ஸில் அழகாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள் என்று எந்த ரீலிலாவது சொல்லியிருக்கிறார்களா?

---

அடுத்து காடு.

கூமாப்பட்டிக்கு மேற்கே தெரிவது சும்மா மலை இல்லீங்க. 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயமாக அறிவித்த காடு. 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல். யானையும், சிறுத்தையும், கரடியும், காட்டுமாடும் குடியிருக்கும் இடம். அனுமதி இல்லாமல் உள்ளே போவது 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம்.

சட்டத்தை விடுங்கள். திருட்டுத்தனமாக உள்ளே போனவன் அடிபட்டால் என்ன செய்வான்? வனத்துறையைக் கூப்பிடப் பயப்படுவான். போலீஸைக் கூப்பிடப் பயப்படுவான். ஆஸ்பத்திரியில் பொய் சொல்வான். அந்தத் தயக்கத்தில் ஒரு மணி நேரம் போகும். பல நேரம் உயிரை எடுப்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

2018 மார்ச் 11, குரங்கணி. மலையேறிய குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் இளம் வயதினர், படித்தவர்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது அந்தச் சரிவுக்குப் போகலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் செய்யவில்லை. தீக்காயம் பட்டவர்களை மலையிலிருந்து இறக்க இரவெல்லாம் ஆனது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியது உள்ளூர் மக்கள்.

அதற்குப் பிறகு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். ஆன்லைனில் பதிவு செய்யலாம். மலைக்கிராமத்துப் பிள்ளைகளே வழிகாட்டியாக வருவார்கள். காட்டுத்தீ காலத்தில் மூடிவிடுவார்கள்.

இதைத்தான் நான் கேட்கிறேன். வெறும் "வா"வும் வேண்டாம், வெறும் "வராதே"யும் வேண்டாம். "இந்த வழியில், இந்த நேரத்தில், இவரோடு வா" என்று சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

"காசு கேக்குறாங்க டாக்டர்" என்பார்கள். ஆமாம், கேட்கிறார்கள். உங்கள் உயிருக்குப் பொறுப்பாக ஓர் ஆள் கூட நடக்கிறார். அதுக்குத்தான் அந்தக் காசு.

---

மலைக்குப் போகும் இதே பசங்கதான் அடுத்த மாசம் கடற்கரைக்குப் போகிறார்கள். ஆளில்லாத பீச், அலையோரம் நடை, அங்கேயே டெண்ட். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் பீச். கல்யாணத்துக்கு வந்த இடத்தில் கடலுக்குப் போன 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். நாளை டாக்டராக வேண்டியவர்கள். நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கக் கற்றவர்கள். எங்கள் துறைக்காரர்கள் யாரும் அந்தச் செய்தியைக் கடந்து போக முடியவில்லை.

அன்றைக்குக் கடலில் இருந்தது 'கள்ளக்கடல்'. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயல் எழுப்பும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. திருடன் மாதிரி சத்தமில்லாமல் வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் அது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே எச்சரிக்கிறது. அந்த முறையும் எச்சரிக்கை இருந்தது.

எச்சரிக்கை இருந்தது, அது போய்ச் சேர வேண்டியவர்களிடம் சேரவில்லை. நம் ஊர் அணைக்கட்டிலும் இதே கதைதான்.

கடலுக்குப் போகிறவர்கள் ஒன்றை மனசில் வையுங்கள். அலை உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள், களைத்துவிடுவீர்கள். மிதந்து, பக்கவாட்டில் கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு குறைந்த இடத்தில் கரைக்கு வாருங்கள்.

---

கொஞ்சம் மருத்துவம் பேசி முடித்துவிடுகிறேன்.

பாம்பு: நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் வேலை செய்யும். மலைக்காட்டில் இருக்கும் சில குழிவிரியன்களுக்குக் கேட்காது. ஆக, கடிபடாமல் இருப்பதுதான் முதல் வைத்தியம். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் தூங்குகிறவனைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது. காலையில் கண் இமை தொங்கும், மூச்சு இழுக்கும். வெறும் தரையில் படுக்காதீர்கள். டெண்ட்டின் ஜிப்பை மூடித் தூங்குங்கள். இருட்டில் டார்ச் இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள்.

கடித்தால் கயிறு போட்டு இறுக்காதே. பிளேடால் கீறாதே. வாயால் உறிஞ்சாதே. பாம்பைத் துரத்தாதே. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வா. மணி என்ன என்று குறித்துக்கொள்.

கதண்டு, தேனீ: கூட்டமாகக் கொட்டினாலோ, கொட்டியவருக்கு முகம் வீங்கி மூச்சுத் திணறினாலோ, அது நிமிஷக் கணக்கில் உயிரை எடுக்கும். சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்காராதீர்கள். அட்ரினலின் ஊசி உள்ள இடத்துக்கு ஓடுங்கள். தேன்கூட்டுக்குக் கீழே புகை போட்டுச் சமைப்பதும் ட்ரோன் விடுவதும் வேண்டவே வேண்டாம்.

காய்ச்சல்: போய்விட்டு வந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் "காட்டுக்குப் போயிருந்தேன்" என்று கட்டாயம் சொல்லுங்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் வரும். அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் புண் இருக்கலாம். நேரத்தில் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் சரியாகிவிடும். வீட்டுக்குத் தெரியாமல் போனோமே என்று டாக்டரிடமும் மறைத்தால் நுரையீரல், சிறுநீரகம்வரை போய்விடும்.

ஓடைத் தண்ணீர்: பளிங்கு மாதிரி இருக்கும். டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் அதே பளிங்குத் தண்ணீரில்தான் வரும். காய்ச்சிக் குடியுங்கள். எந்த ஊர்த் தண்ணீரையும் மருந்து என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

---

இனி வழக்கமாக வரும் பதில்கள்.

"எங்க தாத்தா காலத்துல மலைக்குப் போகலையா? திட்டம் போட்டா போனாங்க?"

போட்டார்கள் ஐயா. உங்கள் தாத்தா தனியாகப் போகவில்லை. வழி தெரிந்த ஆளோடு போனார். கம்பு, கயிறு, தீப்பந்தம் எடுத்துக்கொண்டு போனார். ஊரில் பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டுப் போனார். எந்த நாளில் திரும்புவார் என்று பாட்டிக்குத் தெரியும். அதுதான் திட்டம். பேப்பரில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

"விதி இருந்தா வீட்லயும் சாவு வரும் டாக்டர்."

வரும். ஆனால் பதினெட்டு வயசில், கயிறு இல்லாததால், ஊதத் தெரியாததால், வீட்டில் பொய் சொன்னதால் வருவதை விதி என்று சொல்லாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டு, பிறகு என்னிடம் வந்து சொல்லுங்கள்.

"பெத்தவங்க விட மாட்டாங்க. அதான் பொய் சொல்றோம்."

இது நியாயமான பதில். பெற்றோரே, இது உங்களுக்கு. "போகக்கூடாது" என்று நீங்கள் சொன்னதால் அவன் போகாமல் இல்லை. சொல்லாமல் போகிறான். போர்டு வைக்கும் அதிகாரி செய்யும் அதே தவறைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். "எங்கே போற, யாரோட போற, எப்ப வருவ, இதை மட்டும் சொல்லிட்டுப் போ, நான் திட்ட மாட்டேன்" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகு உண்மையிலேயே திட்டாதீர்கள்.

---

பிள்ளைகளே, ஒரு தாளில் ஏழு வரி எழுத உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும். எழுதி, வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

1. எத்தனை பேர், யார் யார், யார் ஃபோன் நம்பர் என்ன.

2. எந்த இடம், எந்த வழி. அனுமதி வாங்கியாச்சா.

3. எத்தனை மணிக்கு இறங்கத் தொடங்குவோம். சூரியன் மறையும் நேரத்தைக் கணக்குப் போடாதீர்கள். மலைக்குப் பின்னால் போனாலே அடிவாரத்தில் இருட்டிவிடும்.

4. எத்தனை மணிக்குள் ஃபோன் வரவில்லை என்றால் வீட்டில் தேடத் தொடங்க வேண்டும். இது மிக முக்கியம்.

5. டவர் கடைசியாகக் கிடைக்கும் இடம் எது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே, பாம்புக்கடி மருந்து இருக்கும் ஆஸ்பத்திரி எது. கூமாப்பட்டிக்கு வருகிறவர்கள் வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளின் வழியைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. யாருக்கு ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய், சர்க்கரை, அலர்ஜி. மாத்திரை யார் பையில் இருக்கிறது. முதலுதவி தெரிந்தவர் யார்.

7. கயிறு, டார்ச், விசில், ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கட்டுத்துணி, குப்பையைத் திருப்பி எடுத்துவர ஒரு பை. பாட்டில் வேண்டாம். என்னிடம் வந்த பையன் காலைக் கிழித்தது போன வாரத்துக்காரன் விட்டுப்போன பாட்டில் என்பதை மறக்காதீர்கள்.

---

அரசுக்கு. பத்துக் கோடியில் பூங்கா கட்டுங்கள், ஊஞ்சல் போடுங்கள், செல்ஃபி எடுக்க இடமும் கட்டுங்கள். கூடவே இதையும் செய்யுங்கள்.

இறங்கலாம் என்று ஓர் இடத்தை ஒதுக்கி, ஆழம் குறித்து, கயிறு கட்டுங்கள். கரையில் நூறு அடிக்கு ஒரு மிதவை வளையம் தொங்கட்டும். கூமாப்பட்டி, வத்திராயிருப்பு இளைஞர்களுக்கு நீரில் மூழ்கியவரை மீட்கவும் முதலுதவி செய்யவும் பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு வேலைக்கு வையுங்கள். ஊருக்கு வந்த புகழில் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு கிடைக்கட்டும். ஞாயிறும் விடுமுறை நாளும் ஒரு 108 வண்டி அடிவாரத்தில் நிற்கட்டும். மலையில் மழை பெய்தால் கீழே சைரன் ஒலிக்கட்டும்.

தமிழ்நாடு 2024-ல் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல முடிவு. அதே அக்கறையை நீரில் மூழ்கும் சாவுகளுக்கும் காட்டுங்கள்.

ரீல்ஸ் போடும் தம்பி, தங்கைகளுக்கு. உங்கள் ஒரு வீடியோவை லட்சம் பேர் பார்க்கிறார்கள். எங்களைப் போன்ற டாக்டர்கள் வருஷம் முழுக்கக் கத்தினாலும் அத்தனை பேரைச் சேராது. முப்பது வினாடி வீடியோவில் ஐந்து வினாடி ஒதுக்குங்கள். "இங்கே ஆழம், இங்கே இறங்காதீங்க, நாலு மணிக்குள்ள கிளம்பிருங்க, வீட்ல சொல்லிட்டு வாங்க." லைக் குறையாது. விருந்துக்குக் கூப்பிடத் தெரிந்த ஊர்க்காரனுக்கு வழியனுப்பவும் தெரிய வேண்டும்.

---

அந்த ஆறு பேர் கதையை முடித்துவிடுகிறேன்.

தையல் போட்டு, டி.டி. ஊசி போட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் இந்த ஏழு வரியையும் அவர்களையே எழுதச் சொன்னேன். நாலாவது வரியில் ஐந்து நிமிஷம் நின்றார்கள். ஆறாவது வரிக்கு வந்தபோதுதான், தங்களில் ஒருவனுக்குச் சின்ன வயசில் வலிப்பு இருந்தது என்ற விஷயமே மற்ற ஐந்து பேருக்கும் தெரிந்தது. இரண்டு வருஷமாக ஒன்றாகச் சுற்றுகிறவர்கள்.

ராத்திரி தங்கும் திட்டத்தை அவர்களே விட்டார்கள். நான் சொல்லவில்லை. தாளைப் பார்த்து அவர்களே முடிவு செய்தார்கள். அணையைப் பார்த்துவிட்டு, கூமாப்பட்டியில் டீ குடித்துவிட்டுத் திரும்புவதாகச் சொன்னார்கள். கால் அடிபட்ட தம்பி என் எதிரிலேயே அவன் அம்மாவுக்கு ஃபோன் போட்டான். திட்டு விழுந்தது, வெளியே எனக்கே கேட்டது. கடைசியில் அந்த அம்மா கேட்டது, "சாப்டியாடா?"

ராத்திரி எட்டே முக்காலுக்கு எனக்கு ஒரு மெசேஜ் வந்தது.

"வீட்டுக்கு வந்துட்டோம் சார்."

கூமாப்பட்டிக்கு வாங்க. சதுரகிரிக்கு, செண்பகத்தோப்புக்கு, குமரிக் கடலுக்கும் போங்க. போட்டோ போடுங்க, ரீல்ஸ் போடுங்க. ஆனா கிளம்பும்போதே இந்த மெசேஜை யாருக்கு, எத்தனை மணிக்கு அனுப்பப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டுக் கிளம்புங்க.

உங்கள் வீட்டில் பேக் மாட்டத் துடிக்கும் பிள்ளை இருந்தால் இதைக் காட்டுங்கள்.